ஓவியமும் சான்றும்: கனலெற்றோ தீட்டிய வெனிசுத் துறைமுகம்

சரித்திரம் கற்பிப்போர் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் நாணயங்களையும் சான்றாகக் கொள்ளுதல் வழக்கம். ஓவியத்தையும் அவ்வரிசையில் வைக்கலாமோ என்று வினவின் பலர் தயங்குவர். ஓவியன் தன் மனம் போனவாறு கூட்டவும் குறைக்கவும் உரிமையுடையவன். ஆதலின் அவன் கூற்று வழக்கு மன்றத்துக்கு ஏலாது என்பது அவர் எண்ணம். பாடநூல்களிலோ பழைய ஓவியங்கள் ஒளிப்படங்களைப்போல அச்சிடப்படுகின்றன. மாணவரும் அவற்றை அவ்வாறே நம்புகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் இடையே உண்மை யாண்டு உள்ளது என்பதை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானதோர் ஓவியம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையில் உள்ளது. கனலெற்றோ என்பவர் 1738ஆம் ஆண்டளவில் தைலவர்ணத்தில் தீட்டிய, வெனிசு நகரின் சன் மார்க்கோ துறைக் காட்சியே அது. ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலமும் ஒன்றேகால் மீற்றர் உயரமும் உடைய பெரிய சீலை.

ஓவியத்தை நோக்குமுன் அது எவ்வினத்தைச் சேர்ந்தது என்று அறிதல் வேண்டும். நகரங்களின் தோற்றத்தை உள்ளவாறு காட்டுவனவாகத் தீட்டப்படும் ஓவியங்களை இத்தாலியர் ‘வெடூற்றா’ என்பர். காட்சி என்பதே அச்சொல்லின் பொருள். ஒல்லாந்திற் பிறந்து இத்தாலியிற் குடியேறிய வன் விற்றெல் என்பவர் உரோமாபுரியிலும் நேப்பிள்சிலும் இவ்வினத்தை வளர்த்தார். வெனிசில் லூக்கா கார்லெவாரிசு அதற்கு வழிவகுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் செல்வர் தம் புதல்வரைக் கல்வி முடிவில் இத்தாலிக்கு யாத்திரை அனுப்புதல் பெருவழக்காயிற்று. அங்ஙனம் சென்ற இளைஞர் தாம் கண்ட நகரைத் தம் மாளிகைச் சுவரிலே மாட்டிவைக்க விரும்பினர். ஒளிப்படம் தோன்றாத காலம் அது. ஆகவே வெனிசுக் காட்சிகளை வாங்கியோருள் வெனிசு மக்கள் மிகச் சிலரே. இவ்வினத்து ஓவியங்கள் பெரும்பாலும் ஏற்றுமதிப் பண்டங்கள் என்று கூறினும் இழுக்கன்று.

கனலெற்றோவின் இயற்பெயர் ஜியோவன்னி அன்ரோனியோ கனால் என்பது. ‘சின்னக் கனால்’ என்னும் பொருள்பட வழங்கிய பெயரே நிலைத்துவிட்டது. 1697இல் வெனிசிற் பிறந்த அவர், நாடக அரங்குகளுக்குத் திரை எழுதும் தந்தையாரிடமே தொழில் பயின்றார். 1719இல் தந்தையாருடன் உரோமாபுரிக்குச் சென்று இசைநாடகங்களுக்கு அரங்கக் காட்சிகள் அமைத்தார். அதன்பின் அரங்கத்தைத் துறந்து நகரக் காட்சிகளில் ஈடுபட்டார். அரங்கத் தொழிலை அவர் விட்டாரேயன்றி அத்தொழில் அவரை விட்டிலது. சில முழ ஆழமுள்ள மேடையிலே நெடுந்தெருவையும் அரண்மனையையும் உண்டென நம்பவைப்பவனே அரங்க ஓவியன். அவனுக்கு அளவுகளை அறியும் ஆற்றல் வேண்டும். அவ்வளவுகளை வேண்டியவிடத்து நெகிழ்க்கும் துணிவும் வேண்டும். இவ்விரண்டும் கனலெற்றோவிடம் இறுதிவரை நின்றன.

இனி ஓவியத்துட் புகுவோம். பெருங்கால்வாயும் ஜுடெக்காக் கால்வாயும் வந்து கலக்கும் அகன்ற நீர்ப்பரப்பே சன் மார்க்கோ துறை. சுங்கச்சாலை முனைப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பார்ப்பதாகக் காட்சி அமைந்துள்ளது. இடப்புறத்தே சன் மார்க்கோ தேவாலயத்தின் உயர்ந்த மணிக்கோபுரமும் குடியரசுத் தலைவராகிய டோஜின் மாளிகையும் தோன்றுகின்றன. அங்கிருந்து கரை மெல்ல வளைந்து தொலைவிற் சென்று மங்குகின்றது. வலப்புறத்தே தனித் தீவொன்றில் சன் ஜியோர்ஜியோ மகியோரே தேவாலயம் நிற்கின்றது. கட்டடக் கலைஞர் பல்லாடியோ வகுத்த அமைப்பின்படி 1566இல் தொடங்கப்பட்டு, அவர் இறந்து பல ஆண்டுகளின் பின் முகப்பு நிறைவுபெற்ற கோவில் அது. நடுவே நீர். அந்நீரின்மேற் பாய்மரக் கப்பல்கள், சரக்குத் தோணிகள், மீன்பிடி வள்ளங்கள், கருநிறக் கொண்டோலாக்கள். சில கப்பல்கள் பாய் சுருட்டி நங்கூரமிட்டுள்ளன; சிறு வள்ளங்களில் நின்றபடி துடுப்பு வலிப்போரின் முதுகு வளைவும் தெரிகின்றது. இவையெல்லாவற்றுக்கும் மேலே சீலையின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டு வானம் விரிகின்றது. ஒளி ஒரே சீரானது. அருகிலுள்ள கயிற்றையும் தொலைவிலுள்ள கோபுரத்தையும் ஓவியர் ஒத்த கவனத்துடனேயே எழுதியுள்ளார். அதனாலேயே இவ்வோவியத்தைக் காண்போர், ஒன்றும் ஒளிக்காத ஒருவர் தம்மோடு உரையாடுவதாக உணர்கின்றனர்.

அவ்வுணர்ச்சி ஒரு பாதியே உண்மை. இத்துணை அகன்ற காட்சி, ஓரிடத்தில் நின்று நேரே நோக்குவானுக்கு ஒருசேரத் தோன்றுவதில்லை. அவன் தலையை இடமும் வலமும் திருப்பல் வேண்டும். கனலெற்றோ பல நிலைகளிலிருந்து கண்டவற்றை இணைத்து ஒரே நோக்காக்கினார். சன் ஜியோர்ஜியோ கோவிலின் முகப்பு, சுங்கச்சாலைப் பக்கத்திலிருந்து நோக்குவார்க்குச் சாய்வாகவே தோன்றும். ஓவியத்திலோ அது நம்மை நோக்கித் திருப்பப்பட்டுள்ளது. நீர்ப்பரப்பும் உள்ளதிலும் விசாலமாகத் தோன்றுகின்றது. ஒரு தேவாலயத்தைத் தீவோடு பெயர்த்துத் திருப்புதல் நாடக மேடையில் அன்றாடச் செயல். துறைமுகத்தில் அதனைச் செய்து, செய்தமை தோன்றாமல் மறைத்ததுதான் இவருடைய திறமை.

இடத்தில் மட்டுமன்றிக் காலத்திலும் ஓவியம் நம்மை மயக்குகின்றது. இத்தனை கப்பல்களையும் காண்பவர், 1738இல் வெனிசு உலக வாணிகத்தின் தலைவாயிலாக விளங்கியது என்றே எண்ணுவர். அந்நிலை கழிந்து நெடுங்காலமாயிற்று. மலையாளக் கரையின் மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து வெனிசுக்குச் சென்று ஐரோப்பாவெங்கும் பரவிய காலம் ஒன்றிருந்தது. 1498இல் வஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்த செய்தி வெனிசு வணிகருக்கு ஏன் பேரிடியாயிற்று என்பதை நம் மாணவர் நன்கறிவர். மிளகு வாணிகம் அன்றே அடியோடு அற்றுப்போகவில்லையாயினும், போர்த்துக்கேயரின் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கடல்வழியைக் கைக்கொண்டபோது வெனிசின் பங்கு தேய்ந்தது. அண்மையிலும் போட்டி எழுந்தது. ஒஸ்திரிய மன்னர் 1719இல் திரியெஸ்ற் துறையையும், பாப்பரசர் 1732இல் அங்கோனாத் துறையையும் சுங்கமற்ற துறைகளாக்கினர். இரண்டும் வெனிசு தன் சொந்தக் கடலாகக் கருதிய அத்திரியாற்றிக்குக் கடலிலேயே உள்ளன. ஓவியம் தீட்டப்பெற்று அறுபது ஆண்டு நிரம்புமுன், 1797 மே மாதத்தில், ஆயிரம் ஆண்டு வாழ்ந்த குடியரசு நெப்போலியனின் படைக்கு அஞ்சித் தானே கலைந்தது. ஓவியத்தில் அச்சோர்வின் நிழல் சிறிதும் இல்லை. வாங்கியவர் நான்காம் கார்லைல் கோமகன்; கஸில் ஹவாட் என்னும் தம் மாளிகைக்காக வாங்கினார். நொடிந்துபோகும் வணிக நகரைத் தம் சுவரில் மாட்ட எவர்தாம் பொருள் கொடுப்பார்?

இவ்விடத்திற் கனலெற்றோவின் தொழின்முறையைச் சிறிது விளக்குதல் நன்று. ஒளி புகாத பெட்டியொன்றிற் சிறு துளையிட்டு அதில் வில்லை ஒன்றைப் பொருத்தினால், வெளியிலுள்ள காட்சி பெட்டியினுள்ளே தலைகீழாக விழும். அதனை ஆடியினால் மேலே திருப்பிக் கண்ணாடித் தகட்டின்மேல் விழச்செய்து, தாளை வைத்துக் கோடிடலாம். இவ்விருட்பெட்டியை ஓவியர் பலர் கையாண்டனர். கனலெற்றோவும் அதனை அறிந்திருந்தார். அவர் பெயர் பொறித்ததாகக் கூறப்படும் பெட்டியொன்று வெனிசின் கொரெர் நூதனசாலையில் உள்ளது. அவருடைய குறிப்பேடொன்றும் அந்நகரின் அக்கடெமியாக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. பெருங்கால்வாயோரத்துக் கட்டடங்களை அடுத்தடுத்த பக்கங்களிற் கோட்டுருவாக வரைந்து, பெயர்களையும் நிறங்களையும் அவற்றின்மேற் குறித்துள்ளார். ஓவியத்தை முடிப்பது தொழிற்கூடத்தில். அங்கே அளவுகோலும் கவராயமும் கொண்டு கட்டடக் கோடுகளைக் கீறிக்கொள்வார். வானத்துக்கு அந்நாளிற் புதியதான பிரசிய நீலம் என்னும் வர்ணத்தை எடுத்தாண்டார். மக்சுவினி என்னும் அயர்லாந்து முகவர் 1727இல் எழுதிய கடிதமொன்றில், கண்ணெதிரே உள்ள பொருள்களை வரைவதிலேயே இவர் சிறந்தவர் என்ற கருத்தைத் தெரிவிக்கின்றார். கண்ணெதிரே கண்டது குறிப்பேட்டோடு முடிந்தது. பின்னர் நிகழ்ந்தது தையற்காரன் தொழில். வெட்டிய துண்டுகளை உடலுக்கேற்ற உடையாக்குவதுபோல, உண்மையான துண்டுகளை வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ற காட்சியாக்கினார்.

விற்பனைக்கு வழிசெய்தவருள் முதல்வர் ஜோசப் சிமித் என்னும் ஆங்கில வணிகர். நெடுங்காலம் வெனிசிலே வாழ்ந்து 1744இல் பிரித்தானியக் கொன்சலும் ஆனவர். கனலெற்றோவின் பெருங்கால்வாய்க் காட்சிகளைச் செப்புத் தகட்டில் வெட்டுவித்து 1735இல் நூலாக வெளியிட்டார். அந்நூல் ஓவியங்களுக்கு நல்ல விளம்பரமும் ஆயிற்று. 1740ஆம் ஆண்டுகளில் ஒஸ்திரிய வாரிசுரிமைப் போர் மூண்டு யாத்திரிகர் வருகை குறைந்தபோது, வாங்குவோர் வாராமையால் விற்பவர் சென்றார். கனலெற்றோ 1746இல் இலண்டனை அடைந்து 1755வரை பெரும்பாலும் ஆங்கு உழைத்தார். இவர் உண்மைக் கனலெற்றோ அல்லர் என்ற வதந்தி ஒன்று அந்நகரில் எழுந்தது. அவரும் செய்தித்தாளில் அறிவித்தல் கொடுத்துத் தம் ஓவியத்தை வந்து பார்க்குமாறு இலண்டன்வாசிகளை அழைக்க வேண்டியதாயிற்று! சிமித்தின் சேகரிப்பை மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் 1762இல் 20,000 பவுணுக்கு வாங்கினார். அதனால் கனலெற்றோ ஓவியங்கள் ஐம்பதளவில் இன்றும் பிரித்தானிய அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளன. ஓவியரோ 1768இல் வெனிசிற் காலமானார்.

பின்வந்த திறனாய்வாளருள் இவரை மிகக் கடுமையாகச் சாடியவர் ஜோன் ரஸ்கின். 1843இல் அவர் வெளியிடத் தொடங்கிய நவீன ஓவியர் பற்றிய நூலில், கனலெற்றோவை உயிரற்ற இயந்திரப் போக்குடையவராகவே கண்டார். தேவாலயத்தையே திருப்பிவைத்தவரைப் பார்த்து இயந்திரம் என்பது வியப்பே. எனினும் ரஸ்கினின் குறையில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. சுவரும் படியும் சாளரமும் என்று வரும்போது இவர் உண்மையாகவே பற்றற்ற இயந்திரம்போல் எழுதினார். இவ்வியல்பே அவர் ஓவியங்களுக்குப் பிற்காலத்தில் வேறொரு பயனைத் தந்தது.

பொஸ்ரன் ஓவியத்திலுள்ள கோபுரங்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். வலப்புறத்துச் சன் ஜியோர்ஜியோ மணிக்கோபுரம் 1774இல் இடிந்து விழுந்தது. இன்று அங்கு நிற்பது 1791இல் முடிந்த புதுக் கோபுரம். இடப்புறத்துச் சன் மார்க்கோ மணிக்கோபுரம் 1902 யூலை 14ஆந் திகதி காலையில் சரிந்து செங்கற் குவியலாயிற்று. பழைய இடத்திலேயே பழைய வடிவிலேயே கட்டுவதென நகரவை துணிந்து, 1912இல் அதனை நிறைவேற்றியது. இலண்டன் தேசியக் கலைக்கூடத்திலுள்ள ‘கற்றச்சர் முற்றம்’ என்னும் ஓவியத்திலும் இத்தகைய சான்றொன்றுண்டு. கனலெற்றோ இளமையில் தீட்டிய அவ்வோவியத்திற் கால்வாய்க்கு அப்பால் நிற்கும் கரித்தாத் தேவாலயத்தின் மணிக்கோபுரம் 1744இல் வீழ்ந்தது. அதனைத் திரும்பக் கட்டுவார் இலர். ஓவியமும் இந்நாளில் இருப்பது தற்செயலே எனலாம். பொஸ்ரன் நூதனசாலை துறைமுகக் காட்சியை 1939இற் பெற்றது. மறு ஆண்டு நவம்பரில் கஸில் ஹவாட் மாளிகை தீப்பற்றிக் குவிமாடமும் பல அறைகளும் அழிந்தன.

கனலெற்றோவின் மருகரும் மாணவருமான பெலொற்றோ என்பவர் போலந்து மன்னரின் ஓவியராகி 1780இல் வார்சோ நகரில் இறந்தார். போலந்து மக்கள் அவரையும் கனலெற்றோ என்றே அழைப்பர். 1944இல் ஜெர்மானியப் படை வார்சோவைத் தரைமட்டமாக்கியபின், பழைய வீதிகளை மீளக் கட்டியோர் பெலொற்றோவின் காட்சிகளை விரித்துவைத்துச் சுவர்களின் வடிவத்தையும் அலங்காரத்தையும் அறிந்தனர். குடும்பத் தொழிலின் நுட்பம் ஒரு நாட்டின் தலைநகருக்கு உதவிய செய்தி இது.

இவையனைத்தினும் நுண்ணிய சான்று, எவரும் எதிர்பாராத ஒரு பொருளிலிருந்து கிடைத்தது. அது பாசி. வெனிசு மாளிகைகளின் அடிச்சுவர் நீரிலேயே நிற்கின்றது. வற்றுப்பெருக்கினால் நாடோறும் நனையும் உயரம்வரை சுவரிற் பச்சையும் கபிலமும் கலந்த பாசி படியும். அதற்கு மேலே கல் உலர்ந்து வெளிறியிருக்கும். இரண்டையும் பிரிக்கும் கோடு மிகத் தெளிவானது. சராசரிப் பெருக்கு மட்டத்தைக் காட்டும் இயற்கை அளவுகோல் அதுவே. கனலெற்றோவும் பெலொற்றோவும் அக்கோட்டையும் விடாது எழுதினர். விலை கொடுத்தவர் எவரும் பாசியைக் கேட்டிருக்க மாட்டார். சுவரிற் கண்டனர்; எழுதினர்; அவ்வளவே.

இத்தாலியப் பௌதிகவியலறிஞர் தாரியோ கமுபோ தம் துணைவரோடு இக்கோட்டை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார். அவர் செய்த முதற்காரியமே நமக்குப் படிப்பினையானது. எல்லா ஓவியங்களையும் அவர் நம்பவில்லை. இன்றும் மாறாது நிற்கும் கட்டடங்களைத் தேர்ந்து, கதவு, சாளரம், படி ஆகியவற்றின் விகிதங்கள் ஓவியத்திலும் நேரிலும் ஒத்தனவா என்று சோதித்தார். ஒவ்வாதவற்றை விலக்கினார். ஆகவே நாம் மேலே கண்டதுபோன்ற அகன்ற துறைக் காட்சி இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதன்று. மாளிகைச் சுவர்களை அண்மையிற் காட்டும் கால்வாய்க் காட்சிகளே ஏற்றன. சோதனையில் தேறிய ஓவியங்களிற் பாசிக்கோடு எவ்வுயரத்தில் இருந்தது என்று கணித்து, இன்றைய கோட்டோடு ஒப்பிட்டார். கோடு ஏறத்தாழ 69 சதமமீற்றர் மேலேறியிருந்தது. அதனை அப்படியே கடலின் உயர்வெனக் கொள்ளல் பிழை. ஆழமாக்கப்பட்ட கால்வாய்களில் நீரோட்டம் மாறியது. இயந்திரப் படகுகள் எழுப்பும் அலையும் சுவரை முன்னிலும் உயரமாக நனைக்கின்றது. இவற்றுக்காக 8 சதமமீற்றரைக் கழித்தபின் எஞ்சுவது 61. இருபுறமும் 11 சதமமீற்றர்வரை வழு இருக்கலாம் என்றும் அவரே குறித்துள்ளார். வெனிசில் நீர்மட்டத்தைக் கருவிகொண்டு ஒழுங்காக அளத்தல் 1872இலேதான் தொடங்கிற்று. அதற்கு முந்திய நூற்றாண்டு முழுவதற்கும் இவ்வோவியங்கள் கருவியின் இடத்தை வகித்தன.

நீர் இரண்டடி ஏறியமைக்குக் காரணம் ஒன்றன்று. கடல் உயர்ந்தது ஒருபுறம். சேற்றுநிலத்தின்மேல் எழுந்த நகரம் தானே தாழ்ந்தது மறுபுறம். இருபதாம் நூற்றாண்டில் மார்கேராத் தொழிற்சாலைகளுக்கென நிலத்தடி நீரை இறைத்தமையால் தாழ்வு விரைவுற்றது. தீங்கை உணர்ந்து 1970ஆம் ஆண்டுகளில் அதனை நிறுத்தினர். அதற்குள் 1966 நவம்பர் 4ஆந் திகதி வெள்ளம் நியம மட்டத்துக்கு மேல் 194 சதமமீற்றர் எழுந்து நகரை மூழ்கடித்தது. 2019 நவம்பர் 12இல் 187 சதமமீற்றரைத் தொட்டது. கடற்கழி வாயில்களிற் கட்டிய அசையும் மதகுகளை 2020 ஒற்றோபர் 3ஆந் திகதி முதன்முறையாகப் பெருக்கு நாளொன்றில் உயர்த்திக் கடலை வெளியே நிறுத்தினர்.

இவ்வளவும் அறிந்தபின் பொஸ்ரன் ஓவியத்தை மீண்டும் நோக்கின், நம்பத்தக்கதும் நம்பத்தகாததும் பிரிந்து தோன்றும். கண்ணைக் கவருமாறு நடுவே வைத்த அகன்ற நீரும், திருப்பிய முகப்பும், வாணிகத்தின் செழிப்பும் வாங்குவோருக்காக அமைந்தவை. அவற்றைச் சான்றாகக் கொள்ளுமுன் வேறு ஏடுகளைத் தேடல் வேண்டும். ஓரத்திலும் மூலையிலும் யாருடைய விருப்பத்துக்குமன்றி நிற்கும் பாய்மரக் கயிறு, தோணியின் வளைவு, துடுப்புப் பிடிக்கும் முறை, விழுந்துபோன கோபுரத்தின் முடி ஆகியவற்றைப் பொய்யாக எழுதுவதற்கு ஓவியருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. வகுப்பறையில் இவ்வோவியத்தின் பிரதியைக் காட்டும் ஆசிரியர், ‘இதில் என்ன காண்கின்றீர்?’ என்று வினவுவதோடு அமையாது, ‘இதனை எழுதியவருக்கு எதனை மாற்றினால் இலாபம்?’ என்றும் வினவுதல் நன்று. மாணவர் முதலிற் கப்பல்களைக் காட்டுவர். கோவிலின் முகப்பைக் காட்டுபவர் ஒருவரேனும் அவருள் இருப்பர்.